எல்.சி. வாங்கின ஆள்

ஜனவரி 3, வெள்ளி

மின்வாரிய யூனியனில் இவருக்குக் கொடுத்த டைரி இது. போன வருட டைரியில் அத்தை கோலம் போட்டுப் பழகினார். இந்த வருடம் நான் முந்திக்கொண்டேன்.

பிரசவ லீவு முடிந்து பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். கோவில்பட்டியில் ஹாக்கி மட்டையைத் தொடாத பிள்ளை கிடையாது என்பார்கள். என் பெண்களோ நான் இல்லாத நாட்களில் மட்டையைத் துணி காயப்போடத்தான் பயன்படுத்தியிருப்பார்கள் போல. விசிலை ஊதியதும் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். பி.டி. டீச்சர் செண்பகவல்லி திரும்ப வந்துவிட்டாள் என்பது இனிமேல்தான் இவர்களுக்குத் தெரியும்.

ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் ஆதிரையைப் பற்றிக் கேட்டார்கள். எட்டு மாதம், தவழுகிறாள், செருப்பைத் தின்கிறாள் என்றேன். நார்மல் டெலிவரிதானே, கொடுத்து வைத்தவள் என்றார் கணக்கு டீச்சர். ஆயுதம் போட்டு இழுத்து, கிழிந்து, உள்ளும் வெளியும் தையல் போட்டாலும் நார்மலில்தான் சேர்த்தி. ஆமாம் டீச்சர் என்று சிரித்துக்கொண்டேன்.

மற்றபடி எல்லாம் நலம்.

ஜனவரி 7, செவ்வாய்

இவரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

ஆதிரைக்குப் பல் முளைக்கிறது, அழுகிறாள், தூக்கிக்கொண்டு அத்தை அறையில் படுக்கப் போகிறேன் என்று சொன்னேன். பல் முளைப்பது உண்மை. அழவில்லை.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

பொங்கல் நன்றாகப் பொங்கியது. குலவை போடும்போது எனக்குத் தும்மல் வந்தது. தும்மியதும் சேலை மாற்றப் போனேன். புதுச்சேலையை அதற்குள் ஏன் மாற்றினாய் என்று அத்தை கேட்டார். பால் சிந்திவிட்டது என்றேன். இந்த டைரியில் நான் சொல்லும் பொய்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. ஆனால் வீட்டில் எல்லோரும் கலகலப்பாக இருந்தோம். கரும்பை இவர் பல்லால் உரித்து, ஒரு துண்டை ஆதிரை கையில் கொடுத்தார். அவள் அதை ஹாக்கி மட்டை போலப் பிடித்தாள். என் மகள்தான், சந்தேகமே இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். போனில் ஒரு வீடியோ. பிரசவத்துக்குப் பிறகு இடுப்புக்கு அடியில் இருக்கும் தசை தளர்ந்து போய்விடுமாம். சிறுநீரை அடக்குவது போல இழுத்துப் பிடித்து, விட வேண்டும். பிடி, விடு, பிடி, விடு. இதைச் செய்தால் தும்மலும் சரியாகும், மற்றதும் சரியாகும்.

இது பயிற்சி சம்பந்தப்பட்ட சமாச்சாரம் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் இவ்வளவு கவலைப்பட்டிருக்கவே மாட்டேன். மைதானத்தில் ஒன்றுக்கும் உதவாத கால்களையெல்லாம் மாநிலப் போட்டி வரைக்கும் கொண்டு போனவள் நான். சொந்தத் தசை என் பேச்சைக் கேட்காமல் எங்கே போய்விடும்?

ஜனவரி 23, வியாழன்

காலைப் பிரார்த்தனையில் பிடித்தேன். பஸ்ஸில் பிடித்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி ஓடி முடிக்கும்வரை பிடித்தேன். வீடியோவில் பிடித்த அளவுக்கு விடவும் சொல்லியிருந்தார்கள். விடுவதெல்லாம் சோம்பேறிகளுக்கு. எங்கள் கோச் அந்தக் காலத்தில் எங்களை உட்காரவே விட்டதில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டில் இவர் நேற்று நடந்த கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். கல்யாண மண்டபம் பக்கத்தில் கம்பி அறுந்துவிட்டது. இவர் எல்.சி. வாங்கிக்கொண்டு கம்பத்தில் ஏறியிருக்கிறார். எல்.சி. என்றால் லைன் கிளியர். சப் ஸ்டேஷனில் சொல்லி, அந்த லைனில் கரண்டை நிறுத்தி வைப்பது. எந்த லைன்மேன் பேரில் எல்.சி. இருக்கிறதோ, அவரே தன் வாயால் திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடி கரண்டு போடுவார்கள். இல்லாவிட்டால் மேலே இருப்பவர் கதி அவ்வளவுதான்.

முகூர்த்தத்துக்கு நேரமாகிறதென்று மண்டபத்துக்காரர் சப் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, வேலை முடிந்துவிட்டது, கரண்டைப் போடுங்கள் என்றாராம். பிறகு பெண்ணின் அப்பா. பிறகு மாப்பிள்ளையே பேசினாராம். சப் ஸ்டேஷன்காரர், மாப்பிள்ளை யாராக இருந்தாலும் சரி, லைன்மேன் சங்கரபாண்டி பேசினால்தான் போடுவேன் என்று வைத்துவிட்டார். கடைசியில் வேர்க்க வேர்க்கத் தாலி கட்டினார்களாம். இவர் அதைக் கம்பத்தின் உச்சியிலிருந்து பார்த்தாராம்.

அத்தை சிரித்து அப்பளத்தைத் தவறவிட்டார். இருமல் வந்து, காலைக் குறுக்கே போட்டு இறுக்கிக்கொண்டார். நான் கவனித்தேன். அவரும் நான் கவனித்ததைக் கவனித்தார். 

ஜனவரி 28, செவ்வாய்

இந்த மாதக் கடைசியிலிருந்து இவருக்கு நைட் பிரேக்டவுன் டூட்டியாம். வேறு ஆள் கிடைக்கவில்லையா என்றேன். முறை வந்துவிட்டது என்றார். போன மாதம்தானே முடித்தீர்கள் என்று கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருக்கிறதே என்று கோபமாகவும் இருந்தது. என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை போலிருக்கிறது. போகட்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அத்தை ஆதிரையைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் போனார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான்தான் போய் இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை நாள் பயிற்சிக்குப் பிறகு ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்காமல் எப்படி?

உள்ளதை எழுதிவிடுகிறேன். முடியவில்லை. தையல் போட்ட இடத்தில் தீயை வைத்தது மாதிரி எரிந்தது. உள்ளே ஒரு சுவர் நின்றது. பல்லைக் கடித்தேன். இவர் உடனே விலகிவிட்டார். வலிக்குதா என்று கேட்டார். இல்லை என்றேன். கண்ணில் தண்ணீர் இருந்தது. தூசி என்றேன்.

பிறகு இவர் எழுந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றிப் பழுது பார்த்தார். நான் இட்லிக்கு ஊறப்போட்டேன். இட்லி மாவு ஏற்கெனவே ஃபிரிட்ஜில் இருந்தது.

பத்திரிகையில் டாக்டரிடம் கேள்வி கேட்கிறார்களே, தாம்பத்தியம் என்று ஒரு சொல் போட்டு, அதைப் படித்துச் சிரித்திருக்கிறேன். இனிமேல் சிரிக்க மாட்டேன். இவர் மேல் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. அதுதான் கொடுமை. இப்படியே போனால் நாங்கள் மரியாதையான இரண்டு வாடகைக்காரர்கள் போல ஆகிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

பயிற்சி போதவில்லை. இரட்டிப்பாக்கிவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

வலி இப்போது சும்மா உட்கார்ந்திருந்தாலும் வருகிறது. பயிற்சியின் ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்.

எங்கள் கோல்கீப்பர் பவித்ராவுக்குக் கணுக்கால் பிசகி, அவளையும் அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனேன். அங்கே பெனிட்டா என்று ஒரு பிசியோதெரபி மேடம். என்னைவிடச் சின்னவள். பவித்ராவின் காலைப் பார்த்துக்கொண்டே என்னையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் பிள்ளையும் எக்ஸ்ரேக்குப் போனதும் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, வந்ததுலேர்ந்து அட்டென்ஷன்லயே நிக்கிறீங்களே. ஸ்டாண்ட் அட் ஈஸ் கிடையாதா?"

பி.டி. டீச்சர் என்றால் அப்படித்தான் என்றேன். குழந்தை இருக்கிறதா என்றாள். எப்படிப் பிறந்தது என்றாள். நார்மல் என்றேன். ஆயுதம் போட்டார்களா என்றாள். எந்த டீச்சரும் கேட்காத கேள்வி. தலையாட்டினேன். கால் பிசகாமலே ஒரு நாள் தனியாக வாருங்கள் என்று சொல்லி, கதவில் எழுதியிருந்த போர்டைக் காட்டினாள். பிரசவத்துக்குப் பின் இடுப்புத் தசை சிகிச்சை என்று இருந்தது. உள்ளே வரும்போது அதைப் படிக்காதது போல வந்தேன்.

பிப்ரவரி 15, சனி

மாவட்ட விளையாட்டு ஆசிரியர் கூட்டம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பாளையங்கோட்டை போனேன்.

முதலில் பெனிட்டா வெறுமனே பேசினாள். எங்கே வலி, எப்போது வலி, இருமும்போது எப்படி, உறவின்போது எப்படி. கடைசிக் கேள்விக்கு நான் ஜன்னலைப் பார்த்துப் பதில் சொன்னேன். அவள் பஸ் நேரம் கேட்பவள் போலக் கேட்டாள், அதனால் என்னாலும் சொல்ல முடிந்தது. பிறகு, பார்க்கலாமா, எந்த நேரத்தில் வேண்டாமென்றாலும் நிறுத்திவிடுவேன் என்று கேட்டுவிட்டுத்தான் பரிசோதித்தாள். கையுறை போட்ட ஒரு விரல், அவ்வளவுதான். அழுத்தியதும், வலி இருந்தது அந்த இடத்தில்தான் என்று எனக்கே தெரிந்தது.

நான் தினமும் செய்யும் பயிற்சியைப் பெருமையாகச் சொன்னேன். பிரார்த்தனை, பஸ், மைதானம், எல்லாம். அவள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, ஒங்களுக்குத் தசை தளரல. இறுகிப் போய்க் கெடக்கு. காயத்துக்குப் பயந்து அதுவே முறுக்கிக்கிட்டு நிக்கி. நீங்க வேற தெனம் போட்டு முறுக்கியிருக்கீங்க."

நாள் முழுக்க முஷ்டியை மடக்கி வைத்திருந்தால் கை வலிக்கும், அந்தக் கையால் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது, அதனால்தான் தும்மினால் சிந்துகிறது என்றாள். சிலருக்குத் தளர்வு, அவர்கள் பிடிக்க வேண்டும். எனக்கு இறுக்கம், நான் விட வேண்டும். ஆளைப் பார்க்காமல் பயிற்சி சொல்லக் கூடாது. இதை நானே பயிற்சி முகாமில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அழுகையாகவும் ஆகிவிட்டது. பெனிட்டா எதிரில் உட்கார்ந்து முறுக்கு டப்பாவைத் திறந்து நீட்டினாள். இரண்டு பேரும் தின்றோம். நான் கெட்டுப்போகவில்லை, எனக்கு ஆசை செத்துப்போகவில்லை, இது சரியாகக்கூடிய ஒரு தசைப்பிடிப்பு. பவித்ராவின் கணுக்கால் மாதிரி. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் வந்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

பெனிட்டா கொடுத்த முதல் பயிற்சி: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இரண்டு பாதங்களையும் கையால் பிடித்துக்கொண்டு, அடிவயிறு வரை மூச்சை இழுத்து விட வேண்டும். எனக்கு வரவில்லை. பக்கத்தில் ஆதிரை அதே மாதிரி படுத்து, கால் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இந்த வீட்டில் ஒழுங்காகப் பயிற்சி செய்பவள் அவள் ஒருத்திதான்.

பிப்ரவரி 20, வியாழன்

சும்மா இருப்பதுபோலக் கஷ்டமான பயிற்சி வேறு இல்லை. பிரார்த்தனையில் என்னை அறியாமல் பிடித்துவிடுகிறேன். தாடையைத் தளர்த்தினால் கீழேயும் தளரும் என்று பெனிட்டா சொல்லியிருந்தாள். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஹெச்.எம். கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

பிப்ரவரி 24, திங்கள்

இன்று மானம் போகத் தெரிந்தது, மயிரிழையில் தப்பினேன்.

தையல் தழும்பை எண்ணெய் போட்டு மெல்ல நீவுவதோடு, அளவு அளவாக வழவழப்பான குச்சிகள் சிலவற்றையும் பெனிட்டா வாங்கச் சொல்லியிருந்தாள். சுண்டுவிரல் அளவில் ஆரம்பித்து, தசை பயப்படாமல் விரியப் பழக்குவதற்கு. கூரியரில் வந்தது. கழுவி, என் அறை ஜன்னலில் வெள்ளைத் துண்டின் மேல் வரிசையாகக் காயவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் அத்தை ஜன்னலருகில் நிற்கிறார். பெரியது ஒன்று அவர் கையில்.

இது என்ன தாயி என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன். ரிலே ஓட்டத்துக்குக் குச்சி அத்தை, சின்னப் பிள்ளைகளுக்கு என்றேன். வயசுக்குத் தக்க அளவா என்றார். ஆமாம் என்றேன். பிள்ளைகளுக்காக எவ்வளவு மெனக்கெடுகிறாய் என்று சொல்லி, பத்திரமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா கேட்டருகே நின்று, பள்ளிக்கூடத்தில் ரிலேவெல்லாம் புதுமாதிரியாக நடத்துகிறீர்களாமே என்று விசாரித்தார்.

மார்ச் 2, ஞாயிறு

அத்தை மொட்டை மாடியில் கூழ் வற்றல் ஊற்றியிருந்தார். காக்கா விரட்டும் வேலை எனக்கும் இவருக்கும். இரவு டூட்டி முடித்து வந்தவர், தூங்கப் போகாமல் கையில் கம்போடு குடையின் கீழே உட்கார்ந்திருந்தார். பெனிட்டா போன தடவையே சொல்லியிருந்தாள், வீட்டுக்காரரிடம் சொல்லாமல் செய்தால் பாதி வைத்தியம்தான் என்று. சொல்லிவிட்டேன். காக்காவைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டிங் பொய், தலைவலி பொய், ரிலே குச்சி பொய். வலிக்குது, ரொம்ப வலிக்குது, ஒங்களப் பிடிக்காம இல்ல என்றேன்.

இவர் கம்பைக் கீழே வைத்தார்.

"தெரியும் செம்பா. நெசத் தலைவலின்னா நீ நெத்தியப் பிடிச்சிக்கிட்டு என்னையத் தைலம் தேடச் சொல்லுவ. இப்பல்லாம் தைலமே கேக்கல."

அப்புறம்தான் தெரிந்தது. நைட் டூட்டி முறைப்படி வந்ததே இல்லை. இவரே கேட்டு வாங்கிக்கொண்டது. தினம் ஒரு பொய் தேடி நான் சிரமப்பட வேண்டாமே என்றுதான். நான் என்னவோ என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இவர் சாப்பாட்டு டப்பாவில் கோபமாக ஊறுகாய் வைக்காமல் விட்டிருக்கிறேன். அதற்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷன். தன்னால்தான் எனக்கு வலிக்கிறது என்று பயந்துபோய்க் கிடந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு, ஓடுகிற ஃபேனைப் பழுது பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

எப்போது சரியாகும் என்று எனக்கே தெரியாது என்றேன். குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நீ எல்.சி. வாங்கியிருக்க. அவ்வளவுதான். வாங்கின ஆள் நீ, நீயா திருப்பிக் குடுக்கிற வரைக்கும் லைன்ல கரண்டு கெடையாது. நான் சொன்னாலும் கெடையாது. அடுத்து ஒரு பேரன் எப்பன்னு எங்கம்மா கேட்டாலும் கெடையாது. மேல ஏறின ஆளுக்குத்தான் தெரியும், வேலை முடிஞ்சிச்சா இல்லையான்னு."

அப்படியானால் பக்கத்தில்கூட வரக்கூடாதா என்றேன். கையப் பிடிக்க எல்.சி. எதுக்கு என்று சொல்லிக் கையைப் பிடித்தார். நான் அழுதேன். இது நல்ல அழுகை. அந்த நேரத்தில் காக்காய்கள் வந்து ஒரு மூலை வற்றலை முழுக்கத் தின்றுவிட்டன. அத்தையிடம் அதற்கும் ஒரு பொய் சொல்ல வேண்டியதாயிற்று.

மார்ச் 8, சனி

பகல் டூட்டிக்கு மாறிவிட்டார். டப்பாவில் இரண்டு ஊறுகாய் வைத்தேன்.

மார்ச் 19, புதன்

ஒரு நாள் நன்றாக இருக்கிறது, மறுநாள் பழையபடி முறுக்கிக்கொள்கிறது. முந்தாநாள் இரண்டாவது குச்சியே சண்டை போட்டது. நொந்துபோய் இவரிடம் சொன்னேன். மழை நேரத்தில் ஒரே ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகும், அதற்காகக் கம்பத்தைப் பிடுங்கிப் போட முடியுமா என்றார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என் பாதத்தைத் தேய்த்துவிட்டார். அதற்கு மேல் எதுவும் கேட்கவும் இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை. எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்ததுமே உடம்பு பாதி தளர்ந்துவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்தாலே வலி ஞாபகம் வந்த காலம் போய், இப்போது உட்கார்ந்தால் கதை பேசுகிறோம்.

மைதானத்தில் தும்மினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி வேண்டுமென்றே குதித்துப் பார்த்தேன். பிள்ளைகள் கோல் விழுந்துவிட்டது என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

மார்ச் 28, வெள்ளி

கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அத்தை குனிந்தபடியே சொன்னார்.

"ஒன் ரிலே டீச்சர் இருக்காளே, பாளையங்கோட்டையில. என்ன மாதிரி வயசானவங்களையும் பாப்பாளா?"

எப்போது தெரியும் என்று நான் கேட்கவில்லை. சங்கரபாண்டி பிறந்ததிலிருந்து இப்படித்தான் தாயி, இருமினா, சிரிச்சா, பஸ்ஸுல குலுங்கினா. பொம்பளையாப் பொறந்தா இப்படித்தான்னு நெனச்சேன் என்றார். முப்பது வருடத்துக்கு மேல் இந்த மனுஷி காலைக் குறுக்கே போட்டுக்கொண்டு சிரித்திருக்கிறார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. திங்கட்கிழமை இரண்டு பேரும் போகிறோம். வீட்டில் என்ன சொல்வது என்று கேட்டார். உள்ளதைச் சொல்லுவோம் அத்தை, பொய் சொல்லிச் சொல்லி என் டைரியில் இடமே இல்லை என்றேன்.

மார்ச் 31, திங்கள்

அத்தைக்குத் தளர்வுதானாம். அவர் பிடிக்க வேண்டும், நான் விட வேண்டும். சாயங்காலம் ஹாலில் பாய் விரித்து ஆளுக்கொரு பக்கம் படுத்தோம். நான் ஏற்கெனவே பிடித்து வைத்ததையெல்லாம் அத்தைக்குக் கொடுத்துவிடலாம் என்றார் இவர். அத்தை தலையணையை எடுத்து வீசினார். சிரித்தார். பிறகு, பிடித்தேன், பிடித்தேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

ஏப்ரல் 5, சனி

பெனிட்டா பார்த்துவிட்டு, தசை நன்றாக விட்டுக்கொடுக்கிறது, தழும்பும் மெத்தென்று ஆகிவிட்டது என்றாள். எப்போது என்று கேட்டேன். அதை நான் சொல்லக் கூடாது அக்கா என்றாள். இவளும் மின்வாரியத்தில் சேர்ந்திருக்க வேண்டியவள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அம்மன் தேரோட்டம். தேர் உயரத்துக்கு ரத வீதிக் கம்பிகளையெல்லாம் கழற்ற வேண்டும். காலையிலேயே இவர் பேரில் எல்.சி. வாங்கி, ஊரின் பாதிக்குக் கரண்டு இல்லை. இவர் தேருக்கு முன்னால் கையில் கயிறும் வேர்வையுமாக நடந்தார். அம்மனுக்குக் கும்பிட்ட கையோடு சிலர் இவரையும் கும்பிட்டார்கள். அத்தையும் ஆதிரையும் நானும் தெருமுனையில் நின்று பார்த்தோம். தேர் திரும்பும்போது எல்லோரும் குலவை போட்டார்கள். அத்தை காலைக் குறுக்கே போடாமல், நிமிர்ந்து நின்று குலவை போட்டார். என் பேர்கொண்ட அம்மன், ஆடி அசைந்து, அவசரமே இல்லாமல் போனாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

தேர் நிலைக்கு வந்ததும் அத்தை ஆதிரையோடு கோவிலிலேயே தங்கிவிட்டார். தங்கச்சி வீட்டில் சாப்பிட்டுவிட்டு நாளைக் காலையில்தான் வருவேன், நீ போய்ப் படு தாயி என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வீட்டுக்கு வந்தேன். வெயில் இறங்கியிருந்தது, இன்னும் கரண்டு வரவில்லை. முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து என் உடம்பிடமே கேட்டுப் பார்த்தேன். பயம் இருக்கிறதா? கொஞ்சம் இருந்தது. ஆசை இருக்கிறதா? நிறைய இருந்தது. போனை எடுத்தேன்.

இவர் இன்னும் தெருவில்தான் இருந்தார், சத்தம் கேட்டது. சப் ஸ்டேஷனுக்கு இவர் சொல்வதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அப்படியே சொன்னேன்.

"வேலை முடிஞ்சிருச்சு. ஆள் எல்லாரும் எறங்கியாச்சு. லைன் கிளியர். எல்.சி. ரிட்டன் பண்றேன்."

 மேளச் சத்தத்துக்கு நடுவே இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆபீஸ் குரலில் கேட்டார்.

"வாங்கின ஆள்தான் பேசுறதா?"

"வாங்கின ஆள்தான்."

"பேரு?"

"செண்பகவல்லி."

"அவசரம் ஒண்ணுமில்லையே? யாரும் சொல்லிச் சொல்லலியே?"

யாரும் சொல்லவில்லை என்றேன். வைத்துவிட்டார். சிறிது நேரத்தில் ரத வீதிப் பக்கம் விளக்குகள் எரிந்தன. கொஞ்சம் கழித்து எங்கள் தெருவிலும் வந்தது. ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. வாசலில் வண்டிச் சத்தம்.

ஏப்ரல் 14, திங்கள்

தமிழ்ப் புத்தாண்டு. நடுவில் ஒரு தடவை, நிறுத்துங்க என்றேன், நிறுத்தினார். பேசிக்கொண்டிருந்தோம். பிறகு நிறுத்தச் சொல்லவில்லை.

அத்தை ஆதிரையோடு வந்து கதவைத் தட்டும்போது வெயில் ஏறிவிட்டது. கோலமும் போடவில்லை, பாலும் காய்ச்சவில்லை. என்ன தாயி, இவ்வளவு நேரம் தூக்கமா என்றார். பழக்க தோஷத்தில், தலைவலி அத்தை என்றேன். பின்னால் சட்டையை மாட்டிக்கொண்டே வந்த இவரும், எனக்குந்தாம்மா, தேர்ல வெயில் என்றார்.

அத்தை எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். ஆதிரையை என் கையில் கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து தைல பாட்டிலை எடுத்து வந்து, இன்னும் மூடியே திறக்கப்படாமல் இருந்த அதை எங்கள் நடுவில் வைத்துவிட்டு, காப்பி போடப் போனார்.